ஆடி மாதம் மட்டும் நன்றாக இருந்த போன்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தார்சாவில், சாமி படங்களுக்குக் கீழே ஒரு முக்காலி. அதன்மேல் பட்டன் போன். அம்மாவுக்குப் போன் என்றால் அதுதான். மொபைல் வாங்கிக் கொடுத்தோம். அது அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் இறங்கிக் கிடக்கும். பழைய செம்புக் கம்பி லைன் போய்விட்ட பிறகும் முக்காலியைக் காலியாக விட மனம் வராமல், ஃபைபர் இணைப்பின் மேல் ஓடும் இன்டர்நெட் போன் சேவை ஒன்றை எடுத்தேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு அடாப்டர் பெட்டி கொடுத்தார்கள். ஒரு பக்கம் நெட் கேபிள், மறுபக்கம் பழைய போன் ஒயர். அவ்வளவுதான் சமாச்சாரம்.

தினமும் ராத்திரி எட்டரைக்கு மும்பையிலிருந்து அக்கா கூப்பிடுவாள். வைகாசியில் ஒருநாள் என் மொபைலுக்குக் கூப்பிட்டாள். "ஏல, அம்மா பேசுதது ஒண்ணுமே வெளங்கல. கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. பாதிப் பேச்ச முழுங்கிருது."

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு நல்லாத்தான கேக்கு. அவ காதுலதான் என்னமோ கோளாறு" என்றாள்.

இந்த இரண்டு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

பகலெல்லாம் அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டுவது என் பிழைப்பு. ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுப் போன் பழுதைக் கண்டுபிடிக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டேன். காரணம், கேட்க வேண்டிய காது என்னுடையது அல்ல, அக்காவுடையது. நான் தார்சா போனிலிருந்து என் மொபைலுக்குப் போட்டுப் பேசிப் பார்த்தேன், மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வந்த நேரத்தில். கண்ணாடி மாதிரி இருந்தது. போன் கருவிதான் பழசு என்று முடிவுகட்டி, ஆனிக் கடைசியில் 850 ரூபாய்க்குப் புதுசு வாங்கி வைத்தேன்.

ஆடி பிறந்தது. அந்த மாதம் முழுக்க ஒரு புகாரும் இல்லை. எங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முருங்கை முறியும், கம்பி உரசும், கரண்டு போகும். லைன் கெட வேண்டும் என்றால் ஆடியில்தான் கெட வேண்டும். அந்த மாதத்தில் போன் தேனாகப் பேசியது. புதுப் போன் வாங்கியதுதான் மருந்து என்று கடையில் நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிவிட்டேன்.

ஆவணி முதல் வாரம் அக்கா மறுபடி என் மொபைலுக்குக் கூப்பிட்டாள்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன். எத்தனை மணிக்குப் பேச்சு, யார் காதில் கோளாறு, எந்த மாதிரிச் சத்தம். அக்காவிடம் மட்டும் ஒரு கண்டிஷன்: "சரியில்ல" என்று சொல்லக் கூடாது, எப்படிச் சரியில்லை என்று சொல்ல வேண்டும். கரகரவென்றா, உம்மென்றா, வார்த்தை விட்டுப் போகிறதா, மிஷின் பேசுவது போல இருக்கிறதா, அவள் குரலே அவளுக்குத் திரும்பக் கேட்கிறதா.

இந்தப் பிரிப்பு முக்கியம். இன்டர்நெட்டில் போகும் குரல் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டப்பட்டு, நொடிக்கு 50 பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்தால் முழுசாகச் சேரும், இல்லாவிட்டால் சேராது. அரைகுறையாகக் கரகரவென்று சேர வழியே இல்லை. ஆகவே கரகரப்பும் உறுமலும் இருந்தால் பழுது போனுக்கும் அடாப்டருக்கும் நடுவில் இருக்கிற பழைய ஒயரில். வார்த்தை விட்டுப் போனாலோ, மிஷின் குரல் வந்தாலோ பழுது நெட் பக்கம். எதிரொலிக்குக் கணக்கு வேறு: எந்தப் பக்கத்தில் தன் குரல் திரும்பக் கேட்கிறதோ, பெரும்பாலும் அதற்கு எதிர்ப் பக்கத்தில்தான் கோளாறு. அந்தப் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் எதிரொலிக்கு அதுவே போதும்.

ஒரு வாரத்துத் தாள்களைப் பார்த்தபோது என் தொழில் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. ஒரே பழுது அல்ல, மூன்று பழுது ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எப்போதும் லேசாக ஒரு உறுமல். எந்த நேரத்திலும் திடீரென்று ஒரு வார்த்தை காணாமல் போவது. சில ராத்திரிகளில் மட்டும் ஒரே சிதறல். அக்கா மூன்றுக்கும் சேர்த்துத்தான் "கெணத்துக்குள்ள" என்று சொல்லியிருக்கிறாள்.

உறுமல் எனக்குப் பழகிய சத்தம், 50 ஹெர்ட்ஸ். மோட்டார் கடைக்காரனுக்கு அது தாலாட்டு. அடாப்டரிலிருந்து சுவரில் இருக்கும் பழைய ரோசட் பெட்டிக்கு ஒயர் போய், அங்கிருந்து புறவாசல் அடுக்களைக்கு ஒரு பேரலல் லைன் ஓடுகிறது. அப்பா காலத்தில் போட்டது. அங்கே போனே கிடையாது, ஒயர் மட்டும் கரண்டு பைப்புக்குள்ளேயே கூடப் போகிறது. போனைக் கழற்றி, கூட வந்த குட்டை ஒயரால் நேராக அடாப்டரில் சொருகினேன். உறுமல் நின்றது. ரோசட்டைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. துடைத்து வைக்கவெல்லாம் இல்லை. பெட்டியையும் பேரலல் லைனையும் ஒரேயடியாக வெட்டி எறிந்தேன். பத்து நிமிஷ வேலை.

இரண்டாவது பழுது, நானே வாங்கி வைத்தது. ஃபைபர் மாடியில் தட்டட்டி ரூமுக்கு வருகிறது. போன் கீழே தார்சாவில். நடுவில் இரண்டடி கனத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, படிக்கட்டு முக்கில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் மாட்டி, அதிலிருந்து அடாப்டருக்கு இணைப்புக் கொடுத்திருந்தேன். தம்பியின் லேப்டாப்பை அந்த ரிப்பீட்டரில் சொருகி, மாடி ரவுட்டருக்கு விடாமல் பிங் அடிக்க விட்டேன்; அதாவது ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று அளப்பது. திரையில் வந்த எண்களை அப்படியே தாளில் எழுதினேன்: 2, 3, 2, 4, 187, 3, 2, பதில் இல்லை, 3, 240. மில்லிசெகண்ட் கணக்கு. சினிமா பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. முன்கூட்டியே கொஞ்சம் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு ஓடுவதால், கால் நொடி தாமதம் எல்லாம் அதில் கரைந்துவிடும். பேச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாயிலிருந்து காதுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கத்தின் கணக்கு. அதனால் மறுமுனைக் கருவி தாமதமாக வரும் பொட்டலத்துக்காகக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். 240-இல் வருவது வந்தும் வராத மாதிரிதான், தூக்கி எறிந்துவிடும். வேகம் இருந்து என்ன, ஒரே சீராக வர வேண்டும்.

காட் 6 நெட் கேபிள் 20 மீட்டர் வாங்கி, மாடிப்படி ஓரமாகக் கிளிப் அடித்துக் கீழே இறக்கினேன். பிங் ஒன்றுக்குக் கீழே போய், ஆணி அடித்த மாதிரி நின்றது. ரிப்பீட்டர் இப்போது கடையில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா தருகிறேன், ஆனால் போனுக்கு மாட்டாதீர்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆவணி நடுவில் ஒரு ராத்திரி அக்கா: "இன்னைக்கு ஒரு எழவும் கேக்கல. வை போன."

ஃபைபர் கோளாறோ என்று, ஃபைபர் வந்து சேரும் மாடிப் பெட்டியின் (ரவுட்டரும் அதுதான்) செட்டிங்ஸ் பக்கத்தை லேப்டாப்பில் திறந்து ஒளியின் அளவைப் பார்த்தேன். மைனஸ் 21 டிபிஎம். மைனஸ் 27-ஐ ஒட்டிப் போனால்தான் பயம். அது நன்றாகவே இருந்தது. அடுத்து அடாப்டரின் பக்கம். லேப்டாப்பில் அதன் முகவரியைப் போட்டால் நடக்கிற அழைப்பின் ஜாதகமே வருகிறது. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். மூன்று நிமிஷப் பேச்சில் நமக்கு வந்த பொட்டலம் 9,000-க்குப் பக்கம், தொலைந்தது 4. அதாவது அம்மா காதுக்கு ஒரு குறையும் இல்லை. கீழே இன்னொரு வரி, எதிர் முனை அனுப்பிய அறிக்கை: நாம் அனுப்பியதில் நூற்றுக்கு ஒன்பது தொலைந்திருக்கிறது. நூற்றில் ஒன்று போனாலே காது கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும்.

வருவது சரி, போவது கெடுகிறது. வைகாசியில் அம்மாவும் அக்காவும் ஆளுக்கொரு வாக்கியத்தில் சொன்னது இதைத்தான்.

ஆனால் சில ராத்திரி மட்டும் ஏன்? தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். கெட்ட ராத்திரிகள் என்று பென்சிலால் கட்டம் போட்டவை ஐந்து. கிழமையைப் பார்த்தால் ஒற்றுமை இல்லை. மழை இல்லை. கரண்டு போன நாளும் இல்லை. எழுந்துபோகும்போது ஃபேன் காற்றில் ஒரு தாள் புரண்டது. முன்பக்கம், தேதிக்குக் கீழே: சுபமுகூர்த்த நாள். மற்ற நாலையும் புரட்டினேன். ஐந்துமே முகூர்த்த நாள்.

அம்மாவிடம் காட்டினேன். "முகூர்த்த நாளுன்னா ஊரு பூரா போன்ல பேசுவாவ. லைன் திணறாம என்ன செய்யும்?" என்றாள். மோசமான யோசனை இல்லைதான். ஆனால் கல்யாண வீடு ஊர் பூராவும் இருந்தாலும், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு கல்யாணக்காரன் இருக்கிறான். தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். முகூர்த்தம் முடிந்து சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, கேமரா கார்டை மாடி கம்ப்யூட்டரில் போட்டு, நாகர்கோவிலில் எடிட் செய்பவருக்கு மொத்தத்தையும் அனுப்ப விட்டுவிட்டுக் குளிக்கப் போவான். ஒரு கல்யாணம் 40 ஜிபி. எங்கள் இணைப்பு இறங்குவதற்கு 50 எம்பிபிஎஸ், ஏறுவதற்கு 10. கணக்குப் போட்டால் 40 ஜிபி ஏற ஒன்பது மணி நேரம். ஏழு மணிக்கு விட்டால் விடிகாலை நாலு வரை ஏறும் பாதை முழுக்க அவன் லாரிதான். ஆடியில் யார் வீட்டில் கல்யாணம்? அதுதான் போன் நன்றாக இருந்தது. என் 850 ரூபாய்க்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

ஊகத்தை அப்படியே நம்பாமல் சோதித்தேன். இந்த முறை ரவுட்டருக்கு இல்லை, வெளியே இன்டர்நெட்டில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங். சும்மா இருக்கையில் 18 மில்லிசெகண்ட். தம்பியை ஒரு ஃபைல் ஏற்றச் சொன்னேன். 60, 210, 480, 730. நிறுத்தச் சொன்னேன். நாலைந்து நொடியில் மறுபடி 18. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அதே.

இத்தனைக்கும் ஒரு போன் பேச்சுக்கு, வெட்டிச் சுருக்காமல் அனுப்பினாலும், 87 கேபிபிஎஸ்தான் வேண்டும். பத்து எம்பிபிஎஸ்ஸில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இடம் இல்லாததால் கெடவில்லை, வரிசையில் நின்று கெடுகிறது. மாடிப் பெட்டிக்குப் பெரிய வயிறு; வருகிற பொட்டலத்தை எல்லாம் வாங்கி வாங்கி அடுக்கிக்கொள்ளும், வயிறு நிரம்பி வழியும் வரை ஒன்றையும் கழிக்காது. அம்மாவின் சின்னப் பொட்டலம் தம்பியின் ஆயிரம் பொட்டலத்துக்குப் பின்னால் போய் நிற்கும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் மட்டும் இல்லாதிருந்தால், சைக்கிள்காரன் பஸ் லாரிக்குப் பின்னால் எப்படிக் காத்துக் கிடப்பானோ அப்படி. நமக்கு வேண்டியதும் அந்தப் பாலம்தான். பெரிய வண்டி மேலே போகட்டும், சின்னது கீழே சுளுவாகப் போகட்டும்.

மாடிப் பெட்டியில் அந்த வசதி இல்லை. தம்பியிடம் இருந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, எஸ்க்யூஎம் என்ற வரிசை ஒழுங்கு மென்பொருளைப் போட்டோம். அதில் ஒரு சூட்சுமம். ஏறும் வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அளந்தபோது 9.4 வந்தது, 8.5 என்று வைத்தோம். அப்போதுதான் வரிசை மாடிப் பெட்டியின் வயிற்றில் சேராமல், நம் ரவுட்டரில் நம் கண் முன்னால் சேரும். அங்கே எது முந்த வேண்டும் என்று நாம் சொல்லலாம். தம்பிக்கு மனசு ஆறவில்லை.

"அண்ணே, எனக்கு ஸ்பீடு கொறையுமே."

"நாலு மணிக்கு முடியுதது அஞ்சு மணிக்கு முடியும். நீ அப்ப தூங்கிக்கிட்டுத்தான இருப்ப?"

போட்டுவிட்டு அவனை ஏற்ற விட்டோம். பிங் 22, 25, 21. ஆனால் மறுநாள் ராத்திரி மறுபடி சிதறல். என்னடா என்று பார்த்தால், மாடிப் பெட்டியின் சொந்த வைஃபையை அணைக்க மறந்துவிட்டோம். வீட்டு மொபைல்கள் பழைய பழக்கத்தில் அதிலேயே ஒட்டிக்கொண்டு, அன்று எடுத்த போட்டோக்களைப் பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தன. புதிதாக மாட்டிய ரவுட்டரின் கணக்குக்கே வராமல் குறுக்கு வழியில் போகிற கூட்டம். அந்த வைஃபையை அணைத்த பிறகுதான் காரியம் முடிந்தது. அந்த ரவுட்டரிலேயே சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்று ஒரு செட்டிங் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று அழைப்பின் முகவரிகளை மாற்றி எழுதி, ஒரு பக்கக் குரலை விழுங்குகிற வேலையை அது செய்யும். அழைப்பு சரியாக அரை நிமிஷத்தில் அறுந்துகொண்டே இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் வைக்க வேண்டும்.

அடுத்த முகூர்த்த நாளில் தம்பி எடுத்த கல்யாணம் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்க, கீழே அம்மாவும் அக்காவும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அடாப்டர் பக்கத்தில் எதிர் முனை இழப்பு சுழியம். நான் தாளில் தேதி போட்டு வைத்தேன்.

இரண்டு சில்லறை விஷயம். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்டு போனாலும் போன் பேசும். இதில் மாடிப் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றுக்கும் கரண்டு வேண்டும். மூன்றும் எங்களிடம் 12 வோல்ட்டில் ஓடுபவை. இரண்டு சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி மாட்டினேன். வாங்கும் முன் உங்கள் பெட்டி எத்தனை வோல்ட் என்று அதன் கரண்டு அடாப்டர் முதுகில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் போட 2021 ஜனவரி 15 முதல் முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும். அம்மா இன்னும் சேர்ப்பதில்லை. "நம்பர் போக மாட்டேங்கு" என்று சொன்னால் நான் கருவியைத் தொடுவதே இல்லை, முதலில் சுழியத்தைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு புகார் வந்தது. அதை எதிர்பார்க்கவில்லை. அக்கா சொன்னாள்: "இப்ப ரொம்பத் தெளிவாத்தான் கேக்கு. ஆனா அம்மா மூச்சு விட நிறுத்துனா லைன் செத்த மாதிரி ஆயிருது. 'இருக்கியாம்மா, இருக்கியாம்மா'ன்னு நானே நாப்பது தடவ கேக்கேன்." அடாப்டரில் மௌனத்தை அனுப்பாமல் விடும் ஒரு வசதி போட்டிருந்தது. பேச்சு இல்லாத நேரத்தில் பொட்டலம் எதற்கு என்று மிச்சம் பிடிக்கிற புத்தி. பேச்சு தொடங்கும்போது முதல் எழுத்தையும் சில சமயம் அது கடித்துவிடும். நமக்கு அந்த மிச்சம் தேவையில்லை. அணைத்துவிட்டு, குரலைச் சுருக்கும் ஜி.729-ஐக் கீழே தள்ளி, சுருக்காத ஜி.711-ஐ முதலில் வைத்தேன்.

அன்று ராத்திரி எட்டரைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அம்மா திடீரென்று ரிசீவரை முக்காலி மேல் வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். எடுத்துக் கேட்டேன்.

"என்னக்கா?"

"குக்கர் நாலு விசில் அடிச்சிட்டு. ரெண்டு பேரும் அங்கன உக்காந்து என்னத்தக் கேக்கிய? பருப்பு கொழஞ்சிருக்கும்."